மைக்ரேன் உள்ளவர்களுக்குத் தன்னியக்க நரம்புகள் கெட்டுப்போகின்றனவா?

கேள்வி இது: "எனக்கு வயது 31. பள்ளிக்கூட நாள்களிலிருந்து மைக்ரேன். வலி வருவதற்கு முந்தைய நாள் விடாமல் கொட்டாவி வரும், அடிக்கடி சிறுநீர் போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். வலி வந்ததும் கை கால் சில்லிட்டு, முகம் வெளுத்து, வாந்தி. வலிக்கும் பக்கத்துக் கண்ணில் நீர் வழியும். வலி இல்லாத நாள்களிலும் சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாம் சரியாக இருக்கின்றன. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள் சிலர், மனப் பதற்றம் என்கிறார்கள் சிலர். என் தன்னியக்க நரம்பு மண்டலம் கெட்டுவிட்டதா? அதற்கான பரிசோதனை செய்ய வேண்டுமா? டாக்டர் புரோப்ரனலால் எழுதியிருக்கிறார். அது பிபி மாத்திரையாம். எனக்கோ பிபி எப்போதும் குறைவு. சாப்பிடலாமா?"

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில்: கெடவில்லை. நீண்ட நாள் சர்க்கரை நோயில் தன்னியக்க நரம்பிழைகளே சிதைந்துபோகும். பார்கின்சன் நோயில் இதயத்துக்குப் போகும் நரம்பு முனைகள் அழிந்துபோகும். அவற்றைத்தான் கெட்டுப்போவது என்று சொல்ல வேண்டும். மைக்ரேனில் இழைகள் முழுசாக இருக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடும் மூளையின் அடிப்பகுதிதான் சில மணி நேரத்துக்கு, சில வேளை சில நாள்களுக்கு, நிலை மாறிவிடுகிறது. கொட்டாவி, சிறுநீர், சில்லிட்ட கை, வாந்தி, கண்ணீர், வலி என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருப்பவை எல்லாம் ஒரே நிகழ்வின் பகுதிகள். இதை யாராவது முதலிலேயே உங்களுக்குச் சொல்லியிருந்தால் வயிற்றுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று நீங்கள் அலைந்திருக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரி ஒன்றின் தன்னியக்க நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உங்களைப் போல் ஒரு கட்டு ரிப்போர்ட்டுடன் வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கும். கர்நாடகத்தில் நடந்து 2015இல் வெளியான கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நான்கில் ஒருவருக்கு வருவதை இன்னும் இவ்வளவு துண்டு துண்டாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தன்னியக்க நரம்புகள் என்பவை நாம் நினைக்காமலே இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், குடல் அசைவு, வியர்வை, கண் பாப்பா ஆகியவற்றை நடத்துபவை. அவற்றில் பரிவு நரம்புகள் உடலை முடுக்குபவை, எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரியவை. பாடப்புத்தகம் இவ்வளவோடு நின்றுவிடும். மைக்ரேனைப் புரிந்துகொள்ள அதற்கு மேலே போக வேண்டும். இந்த இரண்டையும் ஆளும் தலைமையிடங்கள், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸும் மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டும். முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தருவது முக்கிளை நரம்பு; தலைவலியின் வலிச் செய்தி வந்து சேரும் அதன் கரு, அதாவது நரம்பணுக்களின் திரள், அதே மூளைத்தண்டில்தான் இருக்கிறது. வலிக்கும், வாந்திக்கும், துடிப்புக்கும் உரிய நரம்புக் கூட்டங்கள் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கொட்டாவியை எடுத்துக்கொள்வோம். பசி, தாகம், தூக்கம், உடல் வெப்பம், உடலின் நீர்க் கணக்கு ஆகிய எல்லாம் ஹைப்போதலாமஸின் பொறுப்பு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஷுல்ட்டே, மே என்ற இரு ஆய்வாளர்கள் மைக்ரேன் உள்ள ஒருவரை 30 நாள் தினமும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். இடையில் அவருக்குத் தானாகவே மூன்று முறை தலைவலி வந்தது. வலி தொடங்குவதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் முன்பே ஹைப்போதலாமஸின் செயல்பாடு மாறிவிட்டிருந்தது. ஒரே ஒருவரைப் பார்த்த ஆய்வுதான், ஆனால் வலிக்கு முந்தைய நேரத்தை வேறு முறையில் படமெடுத்த ஆய்வுகளும் அதே இடத்தைத்தான் காட்டின. ஆகவே முந்தைய நாள் கொட்டாவி விடும்போதே உங்களுக்கு மைக்ரேன் தொடங்கிவிட்டது. வலி அதன் இரண்டாம் கட்டம்.

இதில் நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. "இனிப்பு சாப்பிட்டேன், வலி வந்துவிட்டது", "கழுத்து பிடித்துக்கொண்டதால் தலைவலி வந்தது" என்று பலர் சொல்வார்கள். இனிப்பின் மேல் வந்த ஆசையும் கழுத்து இறுக்கமும் பல நேரங்களில் முன் அறிகுறிகளாகவே இருக்கின்றன. அவற்றைக் காரணம் என்று எண்ணி உணவை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் பட்டினி கிடந்து, அந்தப் பட்டினியாலேயே வலியை வரவழைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பட்டினியும் தூக்கக் கேடும் உண்மையான தூண்டுதல்கள். தலைக்குக் குளிப்பதும் அப்படித்தான். நம் வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இதை, மும்பையைச் சேர்ந்த டாக்டர் கே. ரவிசங்கர் 94 இந்திய நோயாளிகளிடம் கவனித்து 2006இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார். அதனால் தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று ஒரு பெண் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, கண்ணீர். மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வலிச் செய்தியைக் கொண்டுவருவது முக்கிளை நரம்பு. அது மூளைத்தண்டுக்கு வந்ததும், அங்கிருந்து எதிர்ப்பரிவு நரம்புகள் வழியாக ஒரு அனிச்சை மறுமொழி கிளம்பி, கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்கின் உட்சவ்வுக்கும் போகிறது. விளைவாகக் கண்ணில் நீர், மூக்கடைப்பு, மூக்கொழுகல், இமை வீக்கம். நம்மூரில் இதைப் பார்த்தவுடன் "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று சொல்லி ஆவி பிடிப்பார்கள், சுக்குப் பற்றுப் போடுவார்கள். பற்றினால் தீங்கில்லை. ஆனால் அதையே சைனஸ் என்று முத்திரை குத்தி, மாதாமாதம் ஆன்டிபயாடிக் விழுங்குவதில் தீங்கு உண்டு. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு செய்திருந்த அல்லது மருத்துவரால் அப்படிச் சொல்லப்பட்ட 2,991 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. காய்ச்சல் இல்லை, சீழ் போன்ற சளி இல்லை, ஆனால் வெளிச்சம் ஆகவில்லை, குமட்டுகிறது, நடந்தால் வலி கூடுகிறது என்றால் அது சைனஸாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணீர் மிகக் கடுமையாக வழிந்து, வலி 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அந்த நேரத்தில் படுக்க முடியாமல் அங்குமிங்கும் நடக்கிறார் என்றால் அது கிளஸ்டர் தலைவலி என்னும் வேறு நோய். மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுக்கத்தான் விரும்புவார்.

வயிறு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்து வேலை செய்வதும் செய்யாததும் இங்கேதான் தீர்மானமாகிறது. வலி ஏறும்போது இரைப்பையின் அசைவு மந்தப்படுகிறது. விழுங்கிய மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கிறது. அது உறிஞ்சப்பட வேண்டிய சிறுகுடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. 1970களில் பிரிட்டனில் வோலன்ஸ் என்பவர், தலைவலி வந்திருக்கும் நேரத்தில் நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்து ரத்தத்தில் அளவு பார்த்தார். வலி இல்லாத நாளைவிட மெதுவாகவும் குறைவாகவுமே மருந்து ரத்தத்தில் ஏறியது. இரைப்பையை அசையவைக்கும் மெட்டோகுளோப்ரமைடைச் சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை சீரானது. "மாத்திரை எனக்குக் கேட்பதில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு மாத்திரை போய்ச் சேரவே இல்லை என்பதுதான் உண்மை. வலி தாங்க முடியாமல் போன பிறகு விழுங்குகிறார்கள், கால் மணி நேரத்தில் வாந்தியில் வெளியே வந்துவிடுகிறது. வலி லேசாக இருக்கும்போதே, முழு அளவில், தேவையானால் குமட்டல் மாத்திரையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி சீக்கிரமே தொடங்கிவிடும் என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, தோலுக்கடியில் போடும் ஊசி போன்ற வடிவங்களை டாக்டரிடம் கேளுங்கள்.

இதிலேயே ஓர் எச்சரிக்கை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், மைக்ரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டான் அல்லது எர்காட்டமைன் கலந்த மாத்திரையை 10 நாளும் தொட்டுவிட்டால், நாளடைவில் அந்த மருந்தே தலைவலியை ஓயாமல் வரவைக்கலாம். எர்காட்டமைன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஏற்கெனவே சில்லிடும் விரல்களை இன்னும் சில்லிட வைக்கும். மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கி விழுங்கும் பொருள் அல்ல அது.

சில்லிட்ட கையும் வெளுத்த முகமும் பழைய புதிர். 1860இல் பெர்லினைச் சேர்ந்த உடலியல் அறிஞர் எமில் டு புவா-ரேமோன் தமக்கு வந்த மைக்ரேனையே கூர்ந்து கவனித்து எழுதினார். வலிக்கும் பக்கத்து நெற்றிப்பொட்டில் ரத்தக்குழாய் கயிறுபோல் இறுகியிருந்தது, முகம் வெளுத்திருந்தது, அந்தப் பக்கத்துக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தது. ஆகவே பரிவு நரம்புகள் மிகையாக வேலை செய்வதே மைக்ரேன் என்றார். ஏழு ஆண்டு கழித்து மொல்லெண்டார்ஃப் என்ற மருத்துவர் நேர்மாறாகச் சொன்னார்: முகம் சிவக்கிறது, குழாய் விரிகிறது, ஆகவே பரிவு நரம்புகள் செயலிழப்பதே மைக்ரேன். இருவரும் கண்டது உண்மை. ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் இரண்டும் நடக்கிறது. இருவரும் தவறியது, அந்த நரம்புகளே நோயின் வேர் என்று கொண்டதில். இன்று நாம் வேரைத் தேடுவது மூளைக்குள். ரத்தக்குழாயின் விரிவும் சுருக்கமும் பக்க நிகழ்ச்சிகள். முக்கிளை நரம்பு முனைகள் வெளியிடும் சிஜிஆர்பி என்னும் புரதத் துணுக்குதான் வலியின் முக்கியத் தூதுவன். கோட்ஸ்பி, எட்வின்சன் என்ற ஆய்வாளர்கள் தங்கள் கூட்டாளிகளுடன் தலைவலி நேரத்தில் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து, அது கூடியிருப்பதை 1990இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் மருந்துகள் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளிலும் இருக்கும் பிஏசிஏபி என்ற இன்னொரு துணுக்கைத் தடுக்கும் மருந்து, 2024இல் மருத்துவ இதழில் வெளியான இரண்டாம் கட்டப் பரிசோதனையில், மாதத்துக்கு 6.2 மைக்ரேன் நாள்களைக் குறைத்தது. போலி மருந்து எடுத்தவர்களுக்குக் குறைந்தது 4.2 நாள். தன்னியக்க நரம்புகளைப் பற்றிய பேச்சு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி பரிசோதனை. எங்கள் கூடத்தில் நடப்பது இதுதான். காலையில் காபி குடிக்காமல் வரச் சொல்வோம். மார்பில் இசிஜி ஒட்டி, அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க வைப்போம். பிறகு டெக்னீஷியன் கையை மெல்ல உயர்த்துவார்: ஐந்து நொடி மூச்சை உள்ளே இழுங்கள். கையைத் தாழ்த்துவார்: ஐந்து நொடி வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. தாளில் ஓடும் இசிஜி கோடுகள், மூச்சு உள்ளே போகும்போது நெருங்கி, வெளியே வரும்போது விலகும். அந்த நெருக்கமும் விலகலும், எதிர்ப்பரிவு நரம்புகளில் முக்கியமான வேகஸ் நரம்பின் வேலை. நிமிடத் துடிப்பின் கூடிய எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் 15 வித்தியாசம் இருந்தால் வேகஸ் நன்றாக இருக்கிறது, 10க்குக் கீழே என்றால் பழுது என்பது எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் ஈவிங் வகுத்த பழைய அளவு. வயது ஏற ஏற இந்த வித்தியாசம் இயல்பாகவே குறையும். அடுத்து ஒரு கைப்பிடிக் கருவியை முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அழுத்திப் பிடிக்கச் சொல்வோம். மூன்றாவது நிமிடத்தில் முன்கை நடுங்கும், முகம் சுளிக்கும். அப்போது பிபியின் கீழ் அளவு குறைந்தது 16 புள்ளியாவது ஏறினால் பரிவு நரம்புகள் நலம். கடைசியாக எழுந்து நிற்க வைத்து, துடிப்பையும் அழுத்தத்தையும் எடுப்போம்.

மைக்ரேன் உள்ளவர்களிடம் இவற்றைச் செய்தால் என்ன கிடைக்கிறது? 1980களில் ஜப்பானிலும் பின்லாந்திலும் செய்தவர்கள் பரிவு நரம்புகளின் மறுமொழி சற்றுக் குறைவு என்றார்கள். வேறு சிலர் கூடுதல் என்றார்கள், சிலர் வித்தியாசமே இல்லை என்றார்கள். இதற்குக் காரணம் எனக்குத் தெளிவாகவே படுகிறது. தலைவலிக்கு முந்தைய நாளில் சோதித்தவரையும், வலி விட்ட மறுநாள் சோதித்தவரையும், பத்து நாள் வலியே இல்லாதவரையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் எந்த விடையும் வரும். இந்த நரம்புகளின் நிலை நாளுக்கு நாள் மாறுவதுதான் மைக்ரேனின் இயல்பு.

நான் மிகவும் மதிக்கும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, பொதுமக்களிடையே மைக்ரேன் உள்ள 323 பேரையும் இல்லாத 153 பேரையும் தைஸ் என்பவரின் குழு ஒப்பிட்டு, 2006இல் வெளியிட்டது. வாழ்நாளில் ஒருமுறையாவது மயங்கி விழுந்தவர்கள், மைக்ரேன் உள்ளவர்களில் 46 சதவீதம், இல்லாதவர்களில் 31. ஐந்து முறைக்கு மேல் மயங்கியவர்கள், மைக்ரேன் உள்ளவர்களில் 13 சதவீதம், இல்லாதவர்களில் 5. நின்றால் கண் இருட்டுவது போன்ற தொல்லை, உள்ளவர்களில் 32 சதவீதம், இல்லாதவர்களில் 12. ஆனால் படுக்க வைத்தும், நிற்க வைத்தும், ஊசி குத்தியும் துடிப்பையும் அழுத்தத்தையும் அளந்தபோது இரு கூட்டத்துக்கும் நரம்புப் பழுது என்று சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தொல்லை உண்மை, பரிசோதனை முடிவு இயல்பு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். "ரிப்போர்ட் நார்மல், எல்லாம் உங்கள் மனசுதான்" என்று இனி யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று தைரியமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே முழுப் பரிசோதனை உங்களுக்கு அவசரமில்லை. வீட்டிலேயே ஒன்றைச் செய்யுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். தலைவலி இல்லாத காலையில் ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு பிபியும் நாடியும் எடுங்கள். எழுந்து நின்று 1, 3, 5, 10ஆவது நிமிடங்களில் மறுபடி எடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நிற்கும்போது வரும் அழுத்தக் குறைவு. அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் பத்து நிமிடத்துக்குள் 30க்கு மேல் கூடி, படபடப்பும் கிறுகிறுப்பும் மூன்று மாதமாகவே இருந்தால் அது பாட்ஸ் எனப்படும் நிலையாக இருக்கலாம். 19 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த அளவு 40. மைக்ரேனோடு இது சேர்ந்தே வருவது சகஜம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்ட பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. நின்றால் தலைவலி வந்து படுத்தால் விட்டுவிடுவது, ஓடும்போதோ படியேறும்போதோ மயங்கி விழுவது, நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப் பேச்சுக் குழறுவது, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி ஆகியவற்றுக்கு உடனே நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண் இருட்டுவதற்கு எளிய வழிகள் உண்டு. சிறுநீரக நோயோ உயர் ரத்த அழுத்தமோ இல்லையென்றால் உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் தாராளமாகக் குடியுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு நில்லுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்க நேர்ந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைத் தசையை இறுக்குங்கள். உடற்பயிற்சியை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஸ்வீடனில் 2011இல் வெளியான சோதனையில், வாரம் மூன்று முறை 40 நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கு, டோபிரமேட் என்ற மைக்ரேன் தடுப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு இணையாக வலி குறைந்தது. நின்றால் தலை சுற்றுபவர்கள் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளிலிருந்து தொடங்கலாம். சாப்பாட்டு நேரமும் தூங்கும் நேரமும் ஞாயிற்றுக்கிழமையிலும் மாறாமல் இருக்கட்டும். ஹைப்போதலாமஸுக்கு ஒழுங்கு பிடிக்கும்.

கடைசியாக உங்கள் புரோப்ரனலால். அது பிபி மாத்திரை என்பதும் உண்மை, மைக்ரேனுக்கு நன்கு சோதிக்கப்பட்ட தடுப்பு மருந்து என்பதும் உண்மை. 1966இல் நெஞ்சுவலிக்காக அதைச் சோதித்தபோது, மைக்ரேனும் இருந்த ஒருவருக்குத் தலைவலி குறைந்ததை மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்தார்கள். அழுத்தத்தைக் குறைப்பதால் மட்டும் அது வேலை செய்யவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிண்டலால் பிபியைக் குறைத்தாலும் மைக்ரேனுக்கு உதவுவதில்லை. "தலைவலி என்றாலே பிபி ஏறியிருக்கும்" என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. நார்வேயில் ஒரு மாவட்டத்தின் வயது வந்தோர் அனைவரையும் அழைத்து நடத்திய ஆய்விலோ, பிபி கூடுதலாக இருந்தவர்களுக்குத் தலைவலி குறைவாகவே இருந்தது.

பிபி இயல்பாகவே 100க்குப் பக்கத்தில் இருப்பவர்களும் குறைந்த அளவில் தொடங்கி இதை எடுத்துக்கொள்கிறார்கள். பாட்ஸ் உள்ளவர்களுக்குச் சிறு அளவு புரோப்ரனலால் படபடப்பைத் தணிக்கவும் செய்யும். ஆஸ்துமா இருந்தால் கூடாது. நாடி ஏற்கெனவே மிக மெதுவாக இருந்தாலும் கூடாது. ட்ரிப்டான் வகையைச் சேர்ந்த ரைசாட்ரிப்டான் எடுப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், புரோப்ரனலால் அதன் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். ஒத்துவரவில்லை என்றால் மாற்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவற்றிலும் கவனம் தேவை: அமிட்ரிப்டிலின் நாடியைக் கூட்டி, நிற்கும்போது அழுத்தத்தை இறக்கலாம், ஃபுளுனாரிசின் உடல் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வு தரும், டோபிரமேட், வால்புரோயேட், கேண்டசார்டன் மூன்றும் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு யோசித்துத் தர வேண்டியவை.

வீட்டில் எடுத்த அந்தப் படுக்கை-நிற்கும் கணக்கை ஒரு தாளில் எழுதி, மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவது வாரம் மறுபடி எடுங்கள். நிற்கும்போது மேல் அளவு 90க்குக் கீழே போனாலோ, நாடி 50க்குக் கீழே இறங்கினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அவரைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஒத்துப்போனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் எடுத்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். நிறுத்துவதாக இருந்தாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், அவர் சொல்லும்படி படிப்படியாகக் குறையுங்கள்.